எல்லா வார்டுக்கும் 10 லட்சம் என்பது நியாயமா?

வாசகர் கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

எங்கள் பேரூராட்சியில் 15 வார்டுகள். இந்த ஆண்டு பொது நிதியை வார்டுக்கு 10 லட்சம் என்று பிரித்துத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள். கட்சி பார்க்கவில்லை, தெரு பார்க்கவில்லை, தலைவரின் வார்டுக்கும் அதே தொகைதான். அப்படியிருந்தும் 11-ஆவது வார்டுக்காரர்கள் பாரபட்சம் என்று மனுக் கொடுக்கிறார்கள். சமமாகப் பிரித்த பிறகும் பாரபட்சம் என்றால், ஓர் உள்ளாட்சியின் முடிவு நியாயமானதா இல்லையா என்று எதை வைத்துத்தான் சொல்வது?

4 ஆகஸ்ட் 2025, காலை

நான் 1988-இல் வேறொரு பேரூராட்சியில் வரித்தண்டலராகச் சேர்ந்து 2019-இல் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன். கடைசி நாள் வரை ஊரார் என்னை பில் கலெக்டர் என்றுதான் அழைத்தார்கள். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை.

வார்டுக்குச் சம தொகை என்ற தீர்மானத்தின் வரைவை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். அது மன்றத்தில் ஒரு நிமிடத்தில் நிறைவேறும், யாரும் எழுந்து நின்று சத்தம் போட மாட்டார்கள் என்பதால் எங்களுக்கு மிகவும் பிடித்த தீர்மானம். ஆனால் பணம் ஒதுக்கிய பிறகு என்ன நடந்தது என்பதையும் நான்தான் பார்த்தேன். கடைவீதியை ஒட்டிய வார்டில் சிமெண்டுச் சாலை, மூடிய வடிகால், தெருவிளக்கு எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அந்த ஆண்டுத் தொகையைச் செலவழிக்க வேறு வேலை கிடைக்காமல், நல்ல சாலையின் இரு ஓரத்திலும் பேவர் பிளாக் பதித்தோம். அதே தொகை ஏரிக்கரைப் பக்கத்து வார்டுக்குப் போனபோது, ஒரு தெருவின் பாதித் தூரத்துக்கு வடிகால் கட்டுவதோடு தீர்ந்துவிட்டது. வடிகால் அந்தரத்தில் நின்ற இடத்தில் இருந்த வீட்டுக்காரர், முன்பு தெரு முழுவதும் பரவி நின்ற சாக்கடைத் தண்ணீர் இப்போது தன் வாசலில் மட்டும் தேங்குகிறது என்று என்னிடம் காட்டினார். பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

ஆகவே உங்கள் 11-ஆவது வார்டுக்காரர்கள் 10 லட்சத்தைப் பற்றிப் புகார் சொல்கிறார்களா, அல்லது 10 லட்சத்துக்கு முன்பு இருந்த நிலையைப் பற்றிப் புகார் சொல்கிறார்களா என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள்.

4 ஆகஸ்ட், இரவு

காலையில் எழுதியது ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறது. சமப் பங்கு என்ற வழக்கம் வருவதற்கு முன்பு எங்கள் ஊரில் என்ன இருந்தது என்பதையும் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. தலைவருக்கு வேண்டிய இரண்டு மூன்று வார்டுகளுக்கே பாதிப் பணம் போகும். எதிர்த்துப் பேசிய உறுப்பினரின் வார்டுக்கு விளக்குக் கம்பத்துக்கு பல்பு கூடக் கிடைக்காது. சமப் பங்கு அந்த அராஜகத்துக்குப் போட்ட பூட்டு. தேவையைப் பார்த்துப் பிரியுங்கள் என்று நாம் சொன்னால், தேவை எது என்று முடிவு செய்கிற கை மீண்டும் பழைய கையாகவே இருக்கும் ஆபத்து உண்டு. அதனால் பூட்டை உடைக்கச் சொல்வதற்கு எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

7 ஆகஸ்ட்

இன்னொரு வாசகர், தேவையையும் வசதியையும் பார்த்து வகுக்கப்பட்ட விதிக்கு எடுத்துக்காட்டாக 2022 சொத்துவரி உயர்வைச் சொல்லியிருக்கிறார். அது பொருத்தமான எடுத்துக்காட்டுத்தான். அந்த ஆண்டு ஏப்ரலில் 600 சதுர அடிக்குக் குறைவான குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று வரி உயர்ந்தது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதிகளில் இதுவே 50, 75, 100, 150 என்று இருந்தது. 2011-இல் சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கு மற்ற ஊர்களின் விகிதமே. சென்னையில் அதற்கு முந்தைய பொதுச் சீராய்வு 1998-இல் நடந்தது. சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்காத உள்ளாட்சிகளுக்கு மானியம் இல்லை என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டதால், இனியும் தள்ளிப்போட முடியாத நிலை வந்தது.

சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்ற ஏணி, படிப்பதற்கு நியாயமாகவே தெரிகிறது. ஆனால் சதுர அடி என்பது வசதியின் அளவுகோலாகுமா? எங்கள் தெருவில் முற்றம் வைத்த பழைய நாட்டு ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. 1,900 சதுர அடி. அதில் அண்ணன் தம்பி மூவரின் குடும்பங்கள் தனித்தனி அடுப்பு வைத்து வாழ்கின்றன. பாகம் பிரிக்காததால் ஏட்டில் ஒரே வீடு, ஆகவே 100 விழுக்காடு. எதிரே 590 சதுர அடியில், கீழே கடையும் மேலே ஏசி அறையுமாகக் கட்டிய புது வீட்டின் மாடிப் பகுதிக்கு 25 விழுக்காடு. அந்தப் பழைய வீட்டின் மூத்தவர் வரிச்சீட்டை என் கையில் கொடுத்து, "சார், முற்றத்தில் பெய்கிற மழைக்கும் வரியா?" என்று கேட்டார்.

7 ஆகஸ்ட், பின்னர்

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். வரி எழுதுகிற வேலையில் 31 ஆண்டுகள் இருந்தவன் இப்படி அவசரப்பட்டிருக்கக் கூடாது. 100 விழுக்காடு என்பது எதன் மீது 100 விழுக்காடு என்று பார்க்க வேண்டும். ஓட்டு வீட்டுக்கு அடிப்படை வரியே குறைவு. பெரியவரின் சீட்டை மீண்டும் வாங்கிப் பார்த்தேன்: அரையாண்டுக்கு 410 ரூபாய், 820 ஆகியிருக்கிறது. எதிர் வீட்டு மாடிக்கு 25 விழுக்காடு உயர்ந்த பிறகு 1,100-க்கு மேல் வருகிறது. விழுக்காட்டைப் பார்த்தால் ஒரு கதை, ரூபாயைப் பார்த்தால் வேறு கதை. மூன்று குடும்பமும் சேர்ந்து 820 கட்டுவது பெரிய அநியாயம் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. முற்றத்து மழையைப் பற்றிய கேள்வி மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

10 ஆகஸ்ட்

ஆனால் அதே வரிச்சீட்டில் யாரும் கேள்வி கேட்காத ஒரு வரி இருக்கிறது. அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முன்கூட்டியே கட்டுவதற்குக் கையில் பணம் யாரிடம் இருக்கும்? மாதச் சம்பளக்காரர், ஓய்வூதியர், வாடகை வருமானம் உள்ளவர். நான் ஒவ்வொரு முறையும் முதல் வாரத்திலேயே கட்டி, ஊக்கத்தொகையை வாங்கி, அதில் பேரனுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன். அறுவடைக்குப் பிறகோ சீட்டு எடுத்த பிறகோ கட்டுகிறவருக்கு அந்த 5 விழுக்காடு கிடையாது, தாமதத்துக்குத் தண்டம்தான் காத்திருக்கிறது. விதியில் ஏழை என்ற சொல்லும் இல்லை, பணக்காரர் என்ற சொல்லும் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே தேதி. உச்சவரம்பு போட்டவர் யாரோ ஒருவர் கொஞ்சம் யோசித்திருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது.

(வசூல் குறைந்தால் சம்பளம் போட முடியாது என்று தவித்த மார்ச் மாதங்களை நான் மறக்கவில்லை. ஊக்கத்தொகையே வேண்டாம் என்று சொல்லவில்லை.)

16 ஆகஸ்ட்

நேற்று மனைவியின் ஊரில் கிராம சபைக்குப் போனேன். அது சிற்றூராட்சி. ஊரகத் தேர்தல் நடந்து 5 ஆண்டு முடிந்து, சென்ற சனவரியிலிருந்து அங்கே மன்றம் இல்லை, அதற்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான். பகல் 11 மணி, பள்ளிக்கூட வேப்பமரத்தடி. ஊராட்சி செயலர் வரவு செலவை ஒரே மூச்சில் வாசித்தார். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஐம்பது அறுபது பேர் முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்தார்கள். ஆண்கள் மதிற்சுவரை ஒட்டி நின்றார்கள். கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. 500-க்கு மேல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாவதற்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. கூட்டம் முடிவதற்குள் 100 கையெழுத்து சேர்ந்துவிட்டது. தலை எண்ணிக்கை சேர்ந்ததா என்று கேட்காதீர்கள்.

நடுவில் ஓர் அம்மா எழுந்தார். வீட்டுக்கு வீடு குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் குழாய் போட்டபோது தங்கள் காலனிக்காரர்களிடமும் ஊர்க்காரர்களிடமும் ஒரே அளவு பங்குத்தொகை வாங்கினார்கள், பட்டியல் இனத்தவருக்குப் பாதி என்று கேள்விப்பட்டோமே, அது எங்கே போயிற்று என்று கேட்டார். செயலர், விதிப்படிதான் வாங்கினோம் என்றார். இருவர் சொன்னதும் சரி என்பதுதான் சிக்கல். ஊருக்குள் அமைக்கும் கட்டமைப்பின் செலவில் மக்கள் பங்கு 10 விழுக்காடு. மலை, வனப் பகுதிகளிலும், பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் கிராமங்களிலும் 5 விழுக்காடு. இந்தச் சலுகை கிராமத்தைப் பார்த்துத் தரப்படுகிறது, தெருவைப் பார்த்து அல்ல. அந்த அம்மா வசிக்கும் குக்கிராமத்தில் எல்லோருமே பட்டியல் இனத்தவர். ஆனால் கிராமம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே சலுகைக்காகவே எழுதப்பட்ட விதி, சலுகை தேவைப்பட்ட தெருவை எட்டவில்லை. ஒருவரும் பாரபட்சம் காட்டவில்லை, எதை ஓர் அலகாக எடுத்து எண்ணினார்கள் என்பதிலேயே அது நடந்துவிட்டது.

கேள்வி கேட்டவருக்கு இதையே பதிலாகச் சொல்வேன். உங்கள் ஊரில் 15 வார்டு என்பது ஓர் அலகு. 11-ஆவது வார்டுக்குள்ளேயே எந்தத் தெரு என்று கேட்டுப் பாருங்கள்.

17 ஆகஸ்ட்

நேற்று "காலனி" என்று எழுதியதை ஒரு வாசகர் சுட்டியிருக்கிறார். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக இந்த ஆண்டு ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் அறிவித்த பிறகும் எழுதுவது தவறு என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன் என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் எதிர்ச்சொல்லாக "ஊர்க்காரர்கள்" என்று நான் எழுதியபோது, அவர்கள் ஊரில் சேர்த்தி இல்லை என்று என் கையும் எழுதிவிட்டதே. யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று குறிக்கும் கேட்புப் பதிவேட்டில் 31 ஆண்டு எழுதி எழுதிப் பழகிய கை.

இன்னொருவர் புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலை நினைவூட்டினார். 2022 டிசம்பரில் மலம் கலக்கப்பட்ட அந்த மேல்நிலைத் தொட்டி, பட்டியல் இன மக்களுக்கென்று இருந்த தனித் தொட்டி. எல்லோருக்கும் தொட்டி உண்டு என்று கணக்குக் காட்டுகிற பதிவேட்டில் அதுவும் ஒரு தொட்டியாகத்தான் இருந்திருக்கும். ஒரே தொட்டியிலிருந்து எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் போகிற ஊரில் இப்படிச் செய்ய எவருக்காவது மனம் வந்திருக்குமா என்ற கேள்வியை நான் அப்போதிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன்.

24 ஆகஸ்ட்

இந்த இழையை மனைவி படித்தாள். "ஊர் நியாயமெல்லாம் எழுதுகிறீர்கள். நம் ஊர்த் தண்ணீர் முறையை எழுதினீர்களா?" என்று கேட்டாள்.

எழுதவில்லை. எழுத வேண்டியவன் நான்தான், ஏனென்றால் அந்த முறையை வகுத்ததே நான். 1994 அல்லது 95 கோடையில், ஒருநாள் விட்டு ஒருநாள், வார்டுக்கு ஒரு மணி நேரம் என்று அட்டவணை போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டினேன். வாட்டர்மேன் தொட்டியடி வால்வை முதலில் திறந்து, சைக்கிளில் அடுத்தடுத்த வால்வுக்குப் போக வசதியாக வரிசை அமைந்தது. தொட்டிக்குப் பக்கத்து வார்டுக்குக் காலை 5:30. கடைக்கோடி 9-ஆவது வார்டுக்குப் பகல் 11 மணிக்கு மேல். ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒரு நிமிடம் கூடக் கூட்டிக் குறைக்கவில்லை. அதை நான் மிகுந்த பெருமையோடு செயல் அலுவலரிடம் காட்டினேன்.

9-ஆவது வார்டில் பெண்கள் பெரும்பாலும் சித்தாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர்கள். 7 மணிக்கெல்லாம் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். 11 மணிக்குத் தண்ணீர் வந்தால் பிடிப்பதற்கு யார் இருப்பார்கள்? கிழவிகளும், அந்த வேலைக்காகவே பள்ளிக்கூடம் போகாமல் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளும். அதுவும் நடுவில் உள்ள வீடுகள் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சிய பிறகு, அங்கே நூல் மாதிரிதான் வரும். தெருக்குழாயைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, அந்தப் பள்ளத்துக்குள் குடத்தை இறக்கிப் பிடிப்பார்கள். வசூலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். விழுந்துவிடாமல் பார்த்துத் தாண்டினேனே தவிர, ஏன் தோண்டியிருக்கிறார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

என் வீடு தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

2 செப்டம்பர்

பிரிட்டனில் இதற்கெல்லாம் சட்டமே இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2010 சமத்துவச் சட்டத்தின் 149-ஆவது பிரிவு, அங்குள்ள உள்ளாட்சிகள் ஒரு முடிவை எடுக்கும்போதே அது பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முதியோர், வேறு இனத்தவர் போன்றோரை எப்படிப் பாதிக்கும் என்று கருத்தில் கொள்ளக் கட்டாயப்படுத்துகிறது. முடிவுக்குப் பிறகு அல்ல, முன்பே. இது எனக்குப் பிடித்திருக்கிறது. 1994-இல் அப்படி ஒரு தாள் என் முன்னால் இருந்திருந்தால், "11 மணிக்கு அந்த வார்டில் வீட்டில் இருப்பவர் யார்?" என்ற கேள்விக்கு நான் ஏதாவது எழுதியாக வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் என் அலுவலக அனுபவம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. நாங்கள் நிரப்பாத படிவமா? "பொதுமக்கள் அனைவரும் பயனடைவர்" என்ற வாக்கியத்துக்கு ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தார் என் முன்னோடி ஒருவர். சட்டம் உள்ள நாட்டிலும், பர்மிங்காம் நகர மன்றம் 2023 செப்டம்பரில் இனிப் புதிய செலவு செய்ய இயலாது என்று கைவிரித்தது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பெண்கள் மிகுதியாகச் செய்த வேலைகளுக்குச் சம ஊதியம் தராததால் குவிந்த பாக்கி. கேள்வித்தாள் இருந்தால் மட்டும் போதாது, பொய்யாக எழுதினால் கேட்க ஓர் ஆளும் வேண்டும்.

14 செப்டம்பர்

அந்த ஆள்தான் மன்ற உறுப்பினர், இடஒதுக்கீடு எதற்கு இருக்கிறது என்று ஒருவர் கேட்கிறார். உண்மை. 1994 ஊராட்சிகள் சட்டத்துக்குப் பிறகு வந்த மாற்றத்தை நான் கண்ணால் கண்டவன். 2016-இல் பெண்களுக்கான பங்கு 50 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் நாற்காலியை ஒதுக்குவது வேறு, நாற்காலியில் அமர விடுவது வேறு. மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை தேர்தலையே முறையாக நடத்த முடியவில்லை. 2020-இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம்.

நாற்காலியே இல்லாத காலமும் உண்டு. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. ஊரகத்தில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், மீதமிருந்த 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், பேரூராட்சி முதல் மாநகராட்சி வரை 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. நகர்ப்புறத்தில் ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. என் பணியின் கடைசி மூன்று ஆண்டுகள் அதில் கழிந்தன. மன்றத்தில் 15 பேர் இரண்டு மணி நேரம் அடித்துக்கொண்டு நிறைவேற்ற வேண்டிய தீர்மானம், ஒரே கையெழுத்தில் பகல் உணவுக்கு முன்பே முடிந்துவிடும். என் வேலை மிகவும் சுலபமாயிற்று என்பதையும், அப்போது அதற்காக மகிழ்ந்தேன் என்பதையும் மறைப்பதில் பயனில்லை.

இந்த ஆண்டு மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சிகளுக்கு நியமிக்கச் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. மிக நல்லது. எங்கள் மன்றக் கூடம் மாடியில் இருக்கிறது. 22 படிகள், லிப்ட் இல்லை, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்.

28 செப்டம்பர்

கேள்வி கேட்டவர், 11-ஆவது வார்டுக்குப் போய்வந்ததாக எழுதியிருக்கிறார். அவருடைய குறிப்பில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த வார்டிலிருந்து கடந்த இரண்டு ஆண்டில் பேரூராட்சிப் புகார்ப் பதிவேட்டில் மூன்றே புகார்கள்தான் பதிவாகியிருக்கின்றன, கடைவீதி வார்டிலிருந்து நாற்பதுக்கு மேல், ஆகவே உண்மையில் குறை அதிகம் உள்ள வார்டு கடைவீதிதான் போலிருக்கிறது என்கிறார்.

பதிவேட்டை அப்படிப் படிக்காதீர்கள். புகார் எழுத ஒரு வேலைநாளை விட்டுக்கொடுக்க வேண்டும், எழுதினால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். கடைவீதிக்காரருக்கு விளக்கு அணைந்தால் அன்று மாலையே ஆள் வருவான், அதனால் மறுநாள் அடுத்த புகாரைச் சொல்வார். முதல் மனுவுக்கே பதில் வராத இடத்தில் இரண்டாவது மனு பிறக்காது. நாங்கள் ஆண்டுதோறும் எந்த வார்டில் குறை அதிகம் என்று மேலே அனுப்பிய அறிக்கை முழுவதும் இந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதியதுதான்.

11 அக்டோபர்

வாட்டர்மேனிடம் பேசினேன். இப்போது இருப்பவர் எனக்குத் தெரிந்த பையன். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார், ஆகவே வால்வு வரிசைக்கும் சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை. செயல் அலுவலரின் வாய்மொழி அனுமதியோடு, இரண்டு வாரத்துக்கு வரிசையைத் தலைகீழாக்கிப் பார்க்கிறார்கள். கடைக்கோடி வார்டுக்குக் காலை 5:30. எங்கள் தெருவுக்குப் பகல் 11.

நேற்று அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். 9-ஆவது வார்டிலிருந்து 1995 முதல் தண்ணீர் நேரம் குறித்து ஒரு மனுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் வார்டிலிருந்து நான்கு நாளில் ஏழு புகார்கள். ஐந்தாவது புகாரின் கையெழுத்து என் மனைவியுடையது.